முதல் கிட்டார் எஃபெக்ட்: தனிப் பெடலா, மல்டி எஃபெக்ட்ஸா, கைபேசியா, ஆம்பா?

எலெக்ட்ரிக் கிட்டாரில் கோர்ட்கள், அதாவது பல சுரங்களை ஒன்றாக மீட்டுவது, ஓரளவு கைவந்தவுடன் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: கிட்டாரின் ஒலியை மாற்றித் தரும் எஃபெக்ட் கருவிகளில் எதை வாங்கலாம்? என்னிடம் பழகும் பிள்ளைகளுக்குப் பதில் சொல்லுமுன் நான் ஒன்றைக் கேட்டு அறிந்துகொள்கிறேன். கிட்டாரிலிருந்து புறப்படும் வயரின் மறுமுனை கடைசியில் எதில் செருகப்படுகிறது? கிட்டாருக்கென்றே செய்த ஒலிபெருக்கியான ஆம்பிலா, பாடகரின் மைக்கும் கீபோர்டும் போய்ச் சேரும் மிக்ஸரிலா, ஹெட்ஃபோனிலா? எதை வாங்குவது என்பதில் பாதிக்கு மேல் அந்த இடத்திலேயே தீர்மானமாகிவிடுகிறது.

இணையத்தில் கிட்டார் பாடம் சொல்லும் வீடியோக்களில் அறையின் மூலையில் ஓர் ஆம்ப் நிற்கும். அதற்கு முன்னால் பெடல்கள், அதாவது காலால் மிதித்து இயக்கும் எஃபெக்ட் பெட்டிகள், வரிசையாகக் கிடக்கும். மட்டக்களப்பில் தொடங்குகிறவர்களின் நிலைமை பெரும்பாலும் வேறு. புளியந்தீவிலோ கல்லடியிலோ தேவாலயத்தில் வாசிக்கும் பிள்ளையின் வயர் நேரே மண்டபத்து மிக்ஸருக்குப் போகிறது. கோயில் திருவிழாவிலோ கல்யாண வீட்டிலோ இசைக்குழுவுடன் ஏறினால் சவுண்ட் சேர்விஸ்காரர் நீட்டும் வயரில் செருகவேண்டும். மேடையில் கிட்டார் ஆம்ப் இருந்தால் அது அதிர்ஷ்டம். வீட்டிலோ, பக்கத்து வீட்டுச் சுவர் பத்தடி தூரத்தில் இருப்பதால் ஹெட்ஃபோன். இந்த மூன்று இடங்களையும் மனதில் வைத்தே கீழே ஒப்பிடுகிறேன். கல்முனை, அக்கரைப்பற்று, திருக்கோவில் பக்கத்தில் வாசிப்பவர்களுக்கும் இது பொருந்தும்.

எஃபெக்ட் உண்மையில் செய்வது என்ன

பெயர்கள் நூற்றுக்கணக்கில் இருந்தாலும் தொடங்குகிறவர் மூன்று குடும்பங்களைப் பிரித்தறிந்தால் போதும்.

முதலாவது, ஒலியை முறுக்கேற்றும் குடும்பம்: ஓவர்டிரைவ், டிஸ்டோர்ஷன், ஃபஸ். நரம்பின் அதிர்வை மின்னலையாக்கும் பிக்கப்பிலிருந்து வரும் அலையை அளவுக்கு மீறிப் பெருக்கும்போது, சுற்று தாங்கக்கூடிய எல்லையில் அலையின் உச்சி வெட்டுப்பட்டுத் தட்டையாகிறது. அப்படி வெட்டுப்பட்ட அலையில், நரம்பை மீட்டியபோது அவ்வளவாகத் தெரியாத மேற்சுரங்கள் பெருகி எழுகின்றன. மெல்ல மீட்டியதும் பலமாக மீட்டியதும் ஏறக்குறைய ஒரே அளவில் கேட்கின்றன. சுரம் நீண்டு நிற்கிறது. உச்சியை மென்மையாக மழுக்கினால் ஓவர்டிரைவ், கூர்மையாக வெட்டினால் டிஸ்டோர்ஷன், ஏறத்தாழச் சதுரமாகவே ஆக்கிவிட்டால் ஃபஸ். மேஸ்ட்ரோ நிறுவனத்தின் ஃபஸ்-டோன் பெடல் 1962-ல் வந்தது. இன்றும் உற்பத்தியில் இருக்கும் செம்மஞ்சள் நிற பாஸ் டீஎஸ்-1 டிஸ்டோர்ஷன் 1978-ல் வந்தது. அதற்கடுத்த ஆண்டில் ஐபனேஸின் பச்சை நிற டியூப் ஸ்கிரீமர் வந்தது. நேற்று முளைத்த சிறு நிறுவனங்கள் வரை எல்லோரும் இந்த இரண்டின் வழித்தோன்றல்களையே இன்னும் செய்து விற்கிறார்கள்.

டிஸ்டோர்ஷன் என்றதும் பிள்ளைகளின் கண் விரிவது எனக்குத் தெரியும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஒரே நேரத்தில் ஒலிக்கும் சுரங்கள் டிஸ்டோர்ஷனுக்குள் போனால் ஒன்றோடொன்று மோதி, அவற்றின் கூட்டலும் கழித்தலுமான புதிய அதிர்வெண்களைப் பிறப்பிக்கின்றன. மூலச் சுரமும் ஐந்தாம் சுரமும் மட்டும் சேர்ந்த பவர் கோர்ட்டில் அந்தப் புதிய அதிர்வெண்கள் ஒத்துப்போகின்றன. அதனால் அது கம்பீரமாக இருக்கிறது. மூன்றாம் சுரத்தையும் ஏழாம் சுரத்தையும் சேர்த்தால் குழம்புகிறது. நம் மேடைகளில் வாசிக்கப்படும் திரையிசைப் பாடல்களில் மைனர் செவன், மேஜர் செவன் கோர்ட்கள் ஏராளம். தேவாலயப் பாடல்களில் முழுக் கோர்ட்களைத் திறந்து மீட்டவேண்டும். ஆகவே இங்கே தொடங்குகிறவரில் பத்துக்கு எட்டுப் பேருக்கு முதலில் தேவைப்படுவது டிஸ்டோர்ஷன் அல்ல என்பது என் உறுதியான எண்ணம். கடையில் முதலில் கை போவது அதை நோக்கித்தான். வாங்கியபின் ஒரு பாட்டுக்கும் பொருந்தாமல் அலுமாரியில் கிடப்பதும் பெரும்பாலும் அதுதான்.

இரண்டாவது குடும்பம் நேரத்தோடு விளையாடுவது: டிலே, ரிவேர்ப். டிலே நீங்கள் வாசித்ததைச் சிறிது நேரம் கழித்துத் திருப்பிச் சொல்கிறது. ரிவேர்ப் ஓர் அறையின் சுவர்களிலிருந்து திரும்பும் ஆயிரம் சின்னஞ்சிறு எதிரொலிகளின் சேர்க்கையை உருவாக்குகிறது. டிலேயைத் தாளத்தோடு பொருத்தத் தெரியாவிட்டால் அது பாட்டைக் கெடுத்துவிடும். பொருத்துவது எளிய கணக்கு. 60,000-ஐ நிமிடத்துக்கு எத்தனை அடி என்ற எண்ணால் வகுத்தால் ஓரடியின் நீளம் மில்லி செக்கனில் கிடைக்கும். நிமிடத்துக்கு 120 அடி என்றால் ஓரடி 500 மில்லி செக்கன்; அதில் முக்கால் பங்கு, அதாவது 375, தேவாலயப் பாடல்களில் மிகவும் புழக்கமான அளவு. நம் கொண்டாட்டங்களின் ஆட்டப்பாட்டான பைலா வாசிக்கும்போது இந்தக் கணக்கு மாறுகிறது. பைலா ஆறெட்டுத் தாளம். ஓரடிக்குள் மூன்று பகுதி. அங்கே 120 அடிக்கு 167 அல்லது 333 மில்லி செக்கன்தான் தாளத்தில் விழும். உண்மையில் பைலாவுக்கு டிலேயை அணைத்து வைப்பதே நல்லது. மட்டக்களப்புப் பறங்கியர் வீட்டுக் கொண்டாட்டங்களில் கிட்டார் வாசிப்பதைக் கேட்டவர்களுக்குத் தெரியும்: அந்த வெட்டி வெட்டி விழும் மீட்டலின் உயிர், இரண்டு மீட்டலுக்கு நடுவிலுள்ள மௌனத்தில் இருக்கிறது. டிலே அந்த மௌனத்தை நிரப்பிக் கெடுத்துவிடும்.

மூன்றாவது, ஒலியை அசைப்பவை. கோரஸ் உங்கள் ஒலியின் பிரதி ஒன்றைச் சற்றுத் தாமதித்து, சுருதியில் மெல்ல ஆட்டிக் கூடச் சேர்க்கிறது. இரண்டு பேர் வாசிப்பதுபோல அகலமாகிறது. 1980-களின் திரையிசைக் கிட்டாரின் மினுமினுப்பில் இதற்குப் பெரிய பங்குண்டு. ஃபேஸர், ஃபிளாஞ்சர், ட்ரெமலோ எல்லாம் இதன் சகோதரர்கள், இப்போதைக்கு அவசரமில்லை.

இவற்றை எந்த வரிசையில் இணைப்பது என்பதற்குச் சட்டம் இல்லை, காரணம் இருக்கிறது. டிஸ்டோர்ஷன் முன்னால், கோரஸ் அதற்குப் பின்னால், டிலே, கடைசியில் ரிவேர்ப். டிலேயை முன்னால் வைத்தால் தேய்ந்து மறையவேண்டிய எதிரொலிகளையும் டிஸ்டோர்ஷன் பிடித்து முழுச் சத்தத்துக்கு உயர்த்திவிடும். சுருதி பார்க்கும் டியூனர் எல்லாவற்றுக்கும் முன்னால்.

தனிப் பெடல்கள்

ஒரு பெடலில் மூன்று நான்கு குமிழ்கள்தான் இருக்கும். திருப்பினால் உடனே காதில் மாற்றம் கேட்கும். எஃபெக்ட்டைப் புரிந்துகொள்வதற்கு இதைவிட நல்ல ஆசிரியர் இல்லை. நல்ல பெடல் இருபது வருடம் உழைக்கும். மிதிக்கும் சுவிட்சோ ஜாக்கோ பழுதானால் சாதாரண ரேடியோ திருத்துபவரே மாற்றித் தருவார். விற்கப் போனாலும் விலை பெரிதாக இறங்காது.

இத்தனை நன்மைகளையும் தாண்டி, முதல் வாங்கலாகத் தனிப் பெடலைப் பெரும்பாலோருக்கு நான் சொல்வதில்லை. காரணம் அந்த வயரின் மறுமுனை. கிட்டார் ஆம்பின் ஸ்பீக்கர், பாட்டுக் கேட்கும் ஸ்பீக்கர் போன்றதல்ல. ஏறத்தாழ 5,000 ஹேர்ட்ஸுக்கு மேலுள்ள கூர்மையான ஒலிகளை அது பெரும்பாலும் வெளியே விடாது. சுளகு பதரைப் புடைத்துத் தள்ளுவதுபோல, டிஸ்டோர்ஷன் உண்டாக்கும் இரைச்சலைத் தள்ளிவிட்டு மணியை மட்டும் தருகிறது. டிஸ்டோர்ஷன் பெடல்கள் எல்லாம் அந்த ஸ்பீக்கரை நம்பியே வடிவமைக்கப்பட்டவை. அதே பெடலை மிக்ஸரில் செருகி மேடைப் பொக்ஸ்களில் விட்டால், வீடியோவில் கேட்ட தடித்த ஒலிக்குப் பதிலாகத் தகரத்தில் தேனீ அடைபட்டதுபோல ஒரு ரீங்காரம்தான் வரும். பெடல் பழுது என்று நினைத்துத் திருப்பிக் கொடுக்கப் போனவர்களை எனக்குத் தெரியும். பெடலில் பழுதில்லை, நடுவில் இருக்கவேண்டிய ஸ்பீக்கர் இல்லை. டிலே, கோரஸ், ரிவேர்ப் பெடல்களுக்கு இந்தத் தொல்லை அவ்வளவு இல்லை. அவை மிக்ஸரிலும் பெருமளவு ஒழுங்காகவே ஒலிக்கும்.

அடுத்தது மின்சாரம். பெரும்பாலான பெடல்களுக்கு 9 வோல்ட் நேர்மின்னோட்டம் வேண்டும். பிளக்கின் நடு முள் எதிர்முனையாக இருக்கவேண்டும். வீட்டில் சும்மா கிடக்கும் ரவுட்டர் அடப்டரைச் செருகிப் பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும். அவற்றில் பெரும்பாலும் நடு முள் நேர்முனை. பல 12 வோல்ட். செருகவே செருகாதீர்கள். பழைய வகை டிஸ்டோர்ஷன் பெடலுக்குச் சில மில்லி அம்பியரே போதும் என்பதால் சிறிய சதுரப் பற்றரியில் பல நாள் ஓடும். டிஜிட்டல் டிலேக்கு அதைப்போலப் பல மடங்கு தேவை. பற்றரி சீக்கிரம் தீர்ந்துவிடும். இன்னொன்று: இத்தகைய பெடல்களில் உள்ளீட்டு ஜாக்கில் வயரைச் செருகியவுடன் பற்றரி வேலைசெய்யத் தொடங்கிவிடும், மிதித்தாலும் மிதிக்காவிட்டாலும். வாசித்து முடிந்ததும் வயரைக் கழற்றிவிடுங்கள்.

கடைசியாகக் காற்று. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் வாவி. நவம்பர் தொடங்கி வடகீழ்ப் பருவமழை பெய்யும் மாதங்களில் வீட்டுக்குள் உள்ள இரும்பெல்லாம் ஈரம் குடிக்கிறது. நரம்பில் துரு ஏறுவது கண்ணுக்குத் தெரியும். ஜாக்கின் உள்ளே பாசி பிடிப்பது தெரியாது, மேடையில் சடசடவென்று கேட்கும்போதுதான் தெரியும். ஐந்து பெடல்களை இணைத்தால் ஆறு வயர், பன்னிரண்டு செருகுமுனை. அவற்றில் ஒன்று மக்கர் செய்தால் போதும், மொத்த ஒலியும் நின்றுவிடும். எது என்று தேடுவதற்குள் பாட்டு முடிந்துவிடும்.

மல்டி எஃபெக்ட்ஸ்

ஒரே பெட்டிக்குள் அத்தனை எஃபெக்ட்களும், ஆம்பின் பாவனையும், ஸ்பீக்கரின் பாவனையும் (அவற்றின் ஒலியைப் போலவே செய்து காட்டுவது) கணினி நிரலாக இருக்கின்றன. பாஸ் ஜீடீ-1, ஸூம் ஜீ1 ஃபோர் ஆகியவை தொடங்குகிறவர்களிடையே உலகெங்கும் பரவலானவை. என்யூஎக்ஸ், மூவர், வாலெட்டன் ஆகிய சீன நிறுவனங்களும் இந்த வகையில் நல்ல பெட்டிகள் செய்கின்றன. பெயருள்ள தனிப் பெடல்கள் இரண்டு மூன்றின் விலைக்கு இவற்றில் ஒன்று வந்துவிடும்.

நான் இதை முன்னால் வைப்பதற்கு எண்ணிக்கை காரணமல்ல. நூறு எஃபெக்ட் இருக்கிறது என்று பெட்டியில் அச்சிட்டிருப்பார்கள். அதில் ஏழெட்டுக்கு மேல் நீங்கள் தொடப்போவதில்லை. ஸ்பீக்கர் பாவனை என்ற ஒன்றுக்காகவே சொல்கிறேன். மேலே சொன்ன புடைக்கும் வேலையைப் பெட்டியே செய்துவிடுவதால், தேவாலய மிக்ஸரிலும் திருவிழா மேடையிலும் ஹெட்ஃபோனிலும் கிட்டார் கிட்டாராகவே ஒலிக்கிறது. அதோடு டியூனர் உள்ளேயே இருக்கிறது. பலவற்றில் தாளமும், வாசித்ததைச் சுற்றிச் சுற்றித் திரும்ப ஒலிக்கும் லூப்பரும் இருக்கின்றன. தனியே பழகுகிறவருக்கு லூப்பரின் பயன் அபாரம். மேலே சொன்ன ஜீடீ-1, ஜீ1 ஃபோர் இரண்டும் நான்கு ஏஏ பற்றரியில் சில மணி நேரம் ஓடும். 2022-ல் ஒரு நாளில் பதின்மூன்று மணி நேரம் வரை மின்சாரம் நின்றதை அனுபவித்தவர்களுக்கு இதன் அருமை புரியும். வயர் இரண்டே, செருகுமுனை நான்கே.

குறைகளும் உண்டு, சிறியவை அல்ல. சிறிய திரையில் பட்டியல் பட்டியலாகத் திறந்து மாற்றவேண்டும். பொறுமையில்லாத பிள்ளைகள் தொழிற்சாலை வைத்த ஒலிகளை மட்டும் மாற்றி மாற்றிக் கேட்டுவிட்டு எதையும் கற்காமலே விட்டுவிடுகிறார்கள். அந்தத் தயார் ஒலிகள் ஹெட்ஃபோனில் தனியே கேட்பவரை மயக்குவதற்காக ரிவேர்ப்பில் தோய்த்து வைத்தவை. குழுவோடு வாசித்தால் தவிலுக்கும் கீபோர்டுக்கும் இடையில் காணாமல் போய்விடும். இரண்டு மூன்று வருடத்தில் புதிய மாதிரி வந்து பழையதன் விலை விழும். உள்ளே பலகை பழுதானால் ஊரில் திருத்துவது கடினம்.

இன்னொரு முக்கியமான அமைப்பு: பெட்டியின் வெளியீடு எதற்குப் போகிறது என்று அமைக்கும் இடம் ஒன்று இருக்கும். மிக்ஸருக்கோ ஹெட்ஃபோனுக்கோ என்றால் ஸ்பீக்கர் பாவனை இயங்கவேண்டும். கிட்டார் ஆம்புக்கு என்றால் அணைக்கவேண்டும். ஆம்பில் இருக்கும்போதும் அதை இயக்கிவைத்தால் இரண்டு முறை புடைத்ததாகி ஒலி போர்வைக்குள் முடங்கிவிடும்.

கைபேசியும் லப்டொப்பும்

கையில் காசு குறைவு, மேடை ஏறும் எண்ணம் இப்போதைக்கு இல்லை, வீட்டில் ஓரளவு நல்ல லப்டொப் இருக்கிறது என்றால் இதுவே மலிவான வழி. கிட்டாரின் ஒலியைக் கணினிக்குள் கொண்டுசெல்லும் சிறு பெட்டியான, கிட்டார் உள்ளீடு கொண்ட ஓர் ஓடியோ இன்டர்ஃபேஸ் மட்டும் வாங்கவேண்டும். கிட்டார் ரிக், ஆம்ப்ளிட்யூப் ஆகிய மென்பொருள்களுக்கு இலவசப் பதிப்புகள் இருக்கின்றன. நியூரல் ஆம்ப் மாடலர் முழுக்கவே இலவசம், அதன் ஒலி பெரும் விலைப் பெட்டிகளோடு போட்டியிடக்கூடியது. ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு கராஜ்பேண்டிலேயே ஆம்பும் பெடலும் உண்டு.

இதில் தொல்லை தாமதம். நீங்கள் மீட்டிய ஒலி கணினிக்குள் போய்ப் பதப்பட்டு வெளியே வர நேரமாகிறது. பத்து மில்லி செக்கன் தாமதம் என்றால் ஆம்பிலிருந்து மூன்றரை மீற்றர் தள்ளி நின்று கேட்பதற்குச் சமம், அது பரவாயில்லை. முப்பது, நாற்பது ஆனால் விரல் ஓரிடத்திலும் ஒலி ஓரிடத்திலுமாகி, தாளமே பழுதாகும். இன்டர்ஃபேஸுக்குரிய டிரைவரை நிறுவி, பஃபர் என்ற அளவை (கணினி ஒரு தடவையில் எடுத்துப் பதப்படுத்தும் ஒலித்துண்டின் நீளம்) 128 அல்லது 256-க்குக் குறைத்தால் பெரும்பாலான லப்டொப்களில் சரியாகும். அன்ட்ரொயிட் கைபேசிகளில் இது கைபேசிக்குக் கைபேசி வேறுபடும். வாங்குமுன் இன்னொருவருடையதை உங்கள் கைபேசியில் செருகிப் பார்த்தேயாகவேண்டும். புளூடூத் ஹெட்ஃபோன் இதற்கு உதவவே உதவாது, அதன் தாமதம் மிக அதிகம், வயருள்ளதுதான் வேண்டும். கைபேசியின் ஹெட்ஃபோன் துளையில் செருகும் மிக மலிவான இணைப்பிகளை வாங்காதீர்கள். அவற்றில் வெளியே போகும் ஒலி உள்ளே வரும் ஒலியோடு கசிந்து கலப்பதால், டிஸ்டோர்ஷனைக் கூட்டியவுடன் கீச்சிடத் தொடங்கும்.

மேடைக்கு லப்டொப்பைக் கொண்டுபோவதை நான் ஆதரிப்பதில்லை. ஜெனரேட்டர் மின்சாரம், மழைத்தூறல், கால்மிதி, நடுப்பாட்டில் வரும் அழைப்பு.

எஃபெக்ட் உள்ளே உள்ள ஆம்ப்

வீட்டில் சத்தமாக வாசிக்கக்கூடியவர்களுக்கும், நண்பர்கள் சேர்ந்து பழகும் இடம் ஒன்று உள்ளவர்களுக்கும் இதுவே மனதுக்கு நிறைவானது. பாஸ் கட்டானா 50 போன்றவற்றில் ஓவர்டிரைவ், கோரஸ், டிலே, ரிவேர்ப் எல்லாம் ஆம்பிலேயே குமிழ்களாக இருக்கின்றன; வலுவை அரை வாட் வரை குறைத்து இரவிலும் வாசிக்கலாம்; ஹெட்ஃபோன் துளையும் உண்டு. ஒலி காற்றில் வந்து நெஞ்சில் படும்போது விரல் தானாகவே திருந்துகிறது. ஹெட்ஃபோனில் அது நடப்பதில்லை. ஆனால் பத்துக் கிலோவுக்கு மேல் கனக்கும். பஸ்ஸில் தூக்கிக்கொண்டு கல்லடிப் பாலத்தைத் தாண்டிப் பழகப் போகிற பிள்ளைக்கு இதை நான் சொல்லமாட்டேன்.

ஆம்ப் வாங்குகிறவர்கள் நிலத்தொடுப்பை (எர்த்) பற்றி அறிந்திருக்கவேண்டும். மூன்று முள் பிளக்கின் நில முள்ளை ஒடித்துவிட்டு இரண்டு முள்ளில் செருகும் வழக்கம் நம் பக்கத்தில் இருக்கிறது. நிலத்தொடுப்பு இல்லாத ஆம்பில் கிட்டாரைச் செருகி, விரல் நரம்பில் இருக்க உதடு மைக்கைத் தொட்டால் மின்சாரம் உடலூடாகப் பாயலாம். மேடைகளில் இதனால் உயிரிழந்தவர்கள் உலகில் பலர். இரைச்சலைக் குறைக்கும் தந்திரம் என்று யார் சொன்னாலும் நில முள்ளைக் கழற்ற விடாதீர்கள்.

யாருக்கு எது

தேவாலயத்தில் வாசிப்பவருக்கு மல்டி எஃபெக்ட்ஸ், தயக்கமே இல்லாமல். அதில் டிலேயும் மெல்லிய ஓவர்டிரைவும் போதும். உயர்ந்த கூரையும் கல்சுவரும் உள்ள பழைய ஆலயமென்றால் ரிவேர்ப்பை முற்றாக அணைத்துவிடுங்கள். கட்டடமே அதைத் தருகிறது.

கல்யாண வீடு, திருவிழா, பைலா, திரையிசை என்று சுற்றும் குழுவில் இருப்பவருக்கும் மல்டி எஃபெக்ட்ஸ்தான். கால் பெடல் இணைந்த மாதிரியாகப் பாருங்கள். ஒரு பாட்டுக்குக் கோரஸ், அடுத்த பாட்டுக்குக் காலசைவில் ஒலி திறந்து மூடும் வா-வா, அதற்கடுத்ததுக்கு வெறும் கிட்டார் என்று நொடியில் மாறவேண்டிய வாசிப்பு அது. சத்தத்தை ஏற்றி இறக்கவும் அந்தக் கால் பெடல் உதவும். கையில் ஏற்கனவே மிக்ஸர் மட்டுமே உள்ள நிலையில் தனி டிஸ்டோர்ஷன் பெடல் வாங்க நினைப்பவர் அந்தப் பணத்தைச் சேர்த்து வைப்பது நல்லது.

சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டே வீட்டில் மட்டும் பழகும் பிள்ளைக்கு லப்டொப் வழி. லப்டொப் இல்லையென்றால் அதற்காக லப்டொப் வாங்கவேண்டாம். சிறிய மல்டி எஃபெக்ட்ஸ் அதைவிட மலிவு.

ஏற்கனவே கிட்டார் ஆம்ப் உள்ளவர் மட்டும் தனிப் பெடலிலிருந்து தொடங்கலாம். அப்படித் தொடங்கினால் முதலாவது ஓவர்டிரைவ், இரண்டாவது டிலே. இந்த இரண்டோடு ஒரு வருடம் இருங்கள்.

வாங்கும்போது

பலவற்றை மிதித்துப் பார்த்துத் தேர்வதற்குப் பெரும்பாலும் கொழும்புக்குத்தான் போகவேண்டும். 300 கிலோமீற்றருக்கு மேல். அதனால் இணையத்தில் பார்த்து வரவழைக்கிறவர்களும், ஊரிலேயே பழையதை வாங்குகிறவர்களும் அதிகம். பழையதில் தவறில்லை. சொந்தக் கிட்டாரையும் வயரையும் கொண்டுபோய்ச் செருகிப் பாருங்கள். ஒவ்வொரு குமிழையும் முழுதாகத் திருப்புங்கள். சடசடத்தால் தூசியாக இருக்கலாம், சுத்தம் செய்தால் போகும், விலையைக் குறைத்துக் கேட்கலாம். ஜாக்கில் வயரை மெல்ல அசைக்கும்போது ஒலி விட்டுவிட்டு வந்தால் விலை இன்னும் குறையவேண்டும். மல்டி எஃபெக்ட்ஸ் என்றால் திரையின் எல்லாப் பகுதியும் எரிகிறதா, எல்லாச் சுவிட்சும் ஒரே மிதியில் வேலைசெய்கிறதா என்று பாருங்கள். பற்றரிப் பெட்டியைத் திறந்து பச்சைக் கசிவு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஜப்பானிலிருந்து வந்த பாவித்த பொருட்களில் ஓர் ஆபத்து உண்டு. பெடல் 9 வோல்ட்தான். ஆனால் கூட வரும் அடப்டர் ஜப்பானின் 100 வோல்ட்டுக்கு மட்டும் செய்ததாக இருக்கலாம். நமது 230 வோல்ட்டில் செருகினால் அடப்டர் அந்தக் கணமே கருகும். பெடலையும் கூட்டிக்கொண்டு போகலாம். அடப்டரின் முதுகில் 100–240 என்று இருந்தால் பயமில்லை. 100 மட்டும் இருந்தால் அதைத் தொடாமல் இங்கே புதிதாக ஒன்று வாங்குங்கள்: அதே வோல்ட், அதே முனைத் திசை, அம்பியர் சமமாகவோ கூடுதலாகவோ.

வாங்கி வந்தபின் பெட்டிக்குள் வரும் ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலத்தை எறிந்துவிடாதீர்கள். பெடலோடு மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியில் போட்டு வையுங்கள். பயன்படுத்தாத வாரங்களில் பற்றரியைக் கழற்றிவிடுங்கள்.

ஒலியை அமைக்கும்போது எல்லா எஃபெக்ட்டையும் அணைத்து வெறும் கிட்டாரிலிருந்து தொடங்குங்கள். ஒன்றை மட்டும் இயக்கி, அது கேட்கும் அளவுக்கு ஏற்றி, பிறகு சற்றுக் குறையுங்கள். வீட்டில் மெல்லிய சத்தத்தில் அமைத்தால் கீழ்ச்சுரம் குறைவாகக் கேட்பதால் நாம் அதை அதிகம் ஏற்றிவிடுகிறோம்; மண்டபத்தின் சத்தத்தில் அது பேஸ் கிட்டாரோடு மோதும். கீழ்ச்சுரத்துக்கும் மேல்சுரத்துக்கும் இடைப்பட்ட நடுப்பகுதியைக் குறைத்தால் தனியே இனிமையாக இருக்கும், குழுவில் கேட்காது. ஆகவே மேடைக்கான ஒலியை மேடையில், குழு வாசிக்கும்போது அமைத்துச் சேமியுங்கள். எஃபெக்ட்டை இயக்கும்போதும் அணைக்கும்போதும் சத்தம் ஒரே அளவில் இருக்கட்டும். தனி வாசிப்புக்கு மட்டும் சற்றுக் கூடட்டும். சவுண்ட் சேர்விஸ்காரரிடம் முதலில் உங்கள் மிகச் சத்தமான ஒலியை வாசித்துக் காட்டுங்கள். அவர் அதற்கேற்ப மிக்ஸரை வைத்துவிட்டால், பிறகு உங்கள் பக்கத்தில் குமிழைத் தொடவேண்டிய தேவை வராது.